நனோ மருந்து வரும்வரை பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாமா?

வாசகியின் கடிதம்:

"எனக்கு 29 வயது. படுவான்கரையில், மண்டூருக்கு அருகே இருக்கிறோம். பதினெட்டு வயதிலிருந்து எனக்கு வலிப்பு இருக்கிறது. சோடியம் வல்புரோயேற் குளிசை போட்டு வருகிறேன். நான்கு வருடமாக வலிப்பு வரவில்லை. திருமணமாகி மூன்று வருடங்கள். அந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்று கேள்விப்பட்டுப் பயத்தில் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டு வருகிறோம். கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு காணொளி அனுப்பினாள். நனோ மருந்து தாய்க்கு மட்டும் வேலை செய்யுமாம், பிள்ளையைத் தொடாதாம். அது இலங்கைக்கு எப்போது வரும்? அதுவரை காத்திருக்கலாமா? மாமி, 'குளிசையை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பெறு, பிறகு தொடங்கலாம்' என்கிறார். மச்சாள் 'நனோ மஞ்சள்' என்று ஒரு போத்தலும் அனுப்பப் போகிறாளாம். அதைக் குடிக்கலாமா?"

பதில்:

அன்புத் தங்கச்சி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. இன்றிரவுக்குரிய குளிசையை வழக்கம்போலப் போடுங்கள். நாளைக்கும் போடுங்கள். நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம். மாமி உங்கள் பிள்ளையின் நன்மையை நினைத்துத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் நான்கு வருடமாக அடங்கிக் கிடந்த வலிப்பு திரும்பி வரலாம். சில வேளை ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமலே வரும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வீட்டார் சொல்லைக் கேட்டுக் குளிசையை விட்டிருந்தார். கிணற்றடியில் குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டார். அவர் பிழைத்துக்கொண்டார், பிள்ளை தங்கவில்லை. குளிசையை விடச் சொன்ன அவருடைய மாமி வார்டு வாசலில் நின்று அழுததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்தது, நனோ மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் நோய்க்கு அப்படி ஒரு மருந்து இப்போது உலகில் எங்குமே பாவனையில் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அதை விளங்கப்படுத்த வேண்டுமானால் நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

நீங்கள் களுவாஞ்சிக்குடி வைத்தியசாலைக்கு வரும்போது மண்டூர்த் துறையில் பாதை ஏறிக் குருமண்வெளியில் இறங்குவீர்கள் அல்லவா? (வெளியூர் வாசகர்களுக்காக: வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டைப் படகைத்தான் நாங்கள் 'பாதை' என்கிறோம். வாவியின் மேற்குக் கரை படுவான்கரை, கிழக்குக் கரை எழுவான்கரை.) பள்ளிக்கூடத்தில் சூல்வித்தகம் என்று நீங்கள் படித்த நஞ்சுக்கொடியை அந்த வாவியாக நினைத்துக்கொள்ளுங்கள். படுவான்கரையில் தாயின் இரத்தம் ஓடுகிறது, எழுவான்கரையில் பிள்ளையின் இரத்தம் ஓடுகிறது. இரண்டும் கலப்பதே இல்லை. இந்தக் கரையில் இருப்பது அந்தக் கரைக்குப் போக மூன்று வழிகள் உண்டு. உருவில் சிறியதாகவும் கொழுப்பில் கரையக்கூடியதாகவும் இருக்கும் மருந்து நீந்தியே போய்விடும். நாம் விழுங்கும் குளிசைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. சீனி, அமினோ அமிலம், இரும்பு போன்று பிள்ளை வளரத் தேவையானவற்றை ஏற்றிப் போகத் தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. தாயின் நோயெதிர்ப்புப் புரதங்களுக்கும் அப்படி ஒரு பாதை உண்டு. அழையாமல் ஏறிய சிலவற்றை நடுவழியிலேயே திருப்பி அனுப்பும் காவலும் அங்கே இருக்கிறது.

எல்லா மருந்தும் அக்கரைக்குப் போய்விடுவதில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி பெரிய மூலக்கூறு, மின்னேற்றமும் கொண்டது. அது தாயின் கரையிலேயே நின்றுவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் சின்னக் குளிசை, அது கடந்து போய்ப் பிள்ளையைப் பாதிக்கிறது. கர்ப்பகால நீரிழிவுக்குப் போடும் இன்சுலினும் பெரும்பாலும் இந்தக் கரையோடு நின்றுவிடும். ஆகவே மச்சாளின் காணொளியில் சொன்ன 'தாய்க்கு மட்டும் வேலை செய்யும் மருந்து' நம் வைத்தியசாலைகளில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது, நனோ என்ற பெயர் இல்லாமல்.

உங்கள் குளிசை அப்படிப்பட்டதல்ல. இதை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. வல்புரோயேற் எளிதாகக் கடக்கிறது. தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலான அளவு பிள்ளையின் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் இதை எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு முள்ளந்தண்டு மூடாமை, இருதயக் கோளாறு, அண்ணப்பிளவு போன்ற பிறவிக் குறைபாடுகள் வருகின்றன. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, ஞாபகம், கற்றல் ஆகியவற்றில் பின்னடைவு காணப்படுகிறது. நீங்கள் பயந்தது நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்தோடு மூன்று வருடம் தனியே இருந்திருக்கிறீர்களே, அதுதான் என் மனதை வருத்துகிறது. கிளினிக்கில் யாராவது ஒருவர் உங்களை உட்கார வைத்து இதைப் பேசியிருக்க வேண்டும்.

இனி நனோ விஷயத்துக்கு வருவோம். ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் வரும். மருந்தை ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவுள்ள கொழுப்புக் குமிழிலோ வேறு பொதியிலோ அடைத்து அனுப்புவதுதான் நனோ மருத்துவம். இந்தக் குமிழுக்கு லிப்போசோம் என்று பெயர். அப்படி அடைத்த புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு 1995 இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுதான் இந்த வகையில் முதலாவது.

பொதி பெரிதாக இருந்தால் நஞ்சுக்கொடியைக் கடக்காது என்றுதான் முதலில் பலரும் எதிர்பார்த்தார்கள். விஷயம் அத்தனை எளிதாக இருக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு தாய்மார் கொடுத்துதவிய நஞ்சுக்கொடிகளை ஆய்வுகூடத்தில் உயிர்ப்போடு வைத்துச் சோதித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 240 நனோமீற்றர் வரையான பிளாஸ்திக் மணிகள்கூட அக்கரைக்குப் போய்விட்டதைக் காட்டியது. மறு ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள், 70 நனோமீற்றர் சிலிக்காத் துகள்களைக் கர்ப்பமான எலிகளுக்குச் செலுத்தியபோது குட்டிகள் மெலிந்தும் சில கருவிலேயே அழிந்தும் போனதைக் கண்டார்கள். 300 நனோமீற்றர் துகள்கள் அந்தத் தீங்கைச் செய்யவில்லை. பருமன், மேற்பரப்பு, மின்னேற்றம் எல்லாமே முடிவை மாற்றுகின்றன. அதனால் 'நனோ என்றால் பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால் அந்த வாயை நம்ப வேண்டாம். எந்த நனோ, என்ன அளவு, கர்ப்பத்தின் எத்தனையாவது மாதம் என்று கேளுங்கள். கர்ப்பம் முதிர முதிர நஞ்சுக்கொடியின் அந்தத் தடுப்புச் சுவர் மெலிந்துகொண்டே போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது ஆய்வாளர்களின் முயற்சி வேறு திசையில் திரும்பியிருக்கிறது. பொதியின் மேல் ஒரு விலாசத்தை ஒட்டி, போக வேண்டிய இடத்துக்கே அனுப்பப் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் என்னை உண்மையாகவே மகிழ்விப்பது இதுதான். கருப்பைத் தசையில் ஒக்சிரோசின் என்ற ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவற்றைத் தேடிப்போய் ஒட்டும் பிறபொருளெதிரியைக் கொழுப்புக் குமிழின் மேல் பொருத்தி, அவுஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்தார்கள். மருந்து கருப்பையிலேயே தங்கியது, குறைப்பிரசவமும் குறைந்தது. அந்தக் குமிழில் ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்று இந்தோமெதசின். அதைச் சாதாரணமாகக் கொடுத்தால் பிறப்பதற்கு முன் மூடக்கூடாத இருதயக் குழாயொன்று பிள்ளைக்கு மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து இல்லாமல் குறைப்பிரசவத்தைத் தடுக்க முடிந்தால், இங்கே இன்கியூபேட்டருக்கு முன்னால் நாள்கணக்கில் நிற்கும் எத்தனை தாய்மாரின் கண்ணீர் மிச்சமாகும்!

இன்னொரு முயற்சி மலேரியாவிலிருந்து வந்தது. நம் அம்மம்மாமார் காலத்தில் இந்தப் பக்கம் மலேரியா என்ன பாடு படுத்தியது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2016 இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாகச் சான்றளித்தது. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதற்குக் கிருமியிடம் தனியாக ஒரு புரதம் இருக்கிறது. சீன ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் ஒட்டும் துண்டை மட்டும் எடுத்து நனோத் துகள்களின் மேல் பொருத்தினார்கள். எலிகளில் அந்தத் துகள்கள் நேராக நஞ்சுக்கொடிக்குப் போய்ச் சேர்ந்தன. தாய்மாரைக் கொன்ற கிருமியின் திறமையையே தாய்மாருக்கு மருந்து கொண்டுபோக வைத்திருக்கிறார்கள்.

கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்துடன் வரும் முன்சூல்வலிப்பு நோய்க்கும் இதே போல ஒரு முயற்சி நடக்கிறது. (பெயரில் வலிப்பு இருந்தாலும் உங்கள் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.) நஞ்சுக்கொடியில் இரத்தக் குழாய்கள் சரியாக வளராததிலிருந்து அந்த நோய் தொடங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் குழாய்களை வளர்க்கும் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ கட்டளையைக் கொழுப்புத் துகளில் வைத்து, நோயுள்ள கர்ப்ப எலிகளுக்கு ஒரே ஒரு ஊசியாகச் செலுத்தினார்கள். கூடிய இரத்த அழுத்தம் பிரசவம் வரை இறங்கியே இருந்தது. 2024 டிசம்பரில் இது வெளியானது. மச்சாள் அனுப்பிய காணொளி இதைப் பற்றியதாக இருக்கலாம்.

இவற்றில் மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று பாருங்கள். கருப்பை, நஞ்சுக்கொடி. பொதி அங்கே போய் அவிழ்ந்தால் போதும். உங்கள் மருந்து போக வேண்டிய இடம் மூளை. ஒவ்வொரு நாளும், பத்து மாதமும், இரவும் பகலும் அது அங்கே இருந்தாக வேண்டும். பொதிக்குள் அடைபட்டிருக்கும்வரைதான் பொதி பிள்ளையைக் காக்கும். அவிழ்ந்து வெளியே வந்த வல்புரோயேற் பழைய வல்புரோயேற்றேதான். இரத்தத்தில் சுற்றும்போது வாவியை நீந்திக் கடந்துவிடும். மூளைக்குள் மட்டும் அவிழும் பொதியைச் செய்ய முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் 29 வயதில் இருக்கும் உங்களிடம் அதை நம்பிக் காத்திருங்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பாது.

அப்படியானால் நனோ இங்கே எட்டவே இல்லையா என்று கேட்பீர்கள். எட்டியிருக்கிறது. இரத்தச்சோகை கடுமையாக உள்ள தாய்மாருக்கு, மூன்று மாதம் கடந்த பிறகு, நரம்பு வழியாக ஏற்றும் கபில நிற இரும்பு மருந்தைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு சுக்குரோசு என்பது அதன் பெயர். சீனியால் போர்த்திய இரும்பு நனோத் துகள்கள்தான் அதில் இருக்கின்றன. யாரும் அதை நனோ என்று அழைத்து விளம்பரம் செய்யவில்லை. கொவிட் காலத்தில் நம்மில் பலர் மூன்றாவது ஊசியாகப் போட்டுக்கொண்ட பைசர் தடுப்பூசியும் கொழுப்பு நனோத் துகள்களில் வைத்த எம்ஆர்என்ஏதான். உலகெங்கும் பெருந்தொகையான கர்ப்பிணிகள் அந்த வகைத் தடுப்பூசியைப் பெற்றார்கள். அதனால் கருச்சிதைவு கூடவில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

'பிறகு வந்த' என்று எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. 2020 இல் அந்தத் தடுப்பூசிகளை முதலில் பரிசோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. போடலாமா கூடாதா என்று தாய்மார் கேட்டபோது கையில் ஆதாரம் இல்லாமல் நாங்கள் தடுமாறினோம். இது புதிய கதையும் அல்ல. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் எடுத்தார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகில் 10,000 க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டன. அந்த அதிர்ச்சியில், 1977 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பக் கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. அது மாற 1993 ஆகிவிட்டது. பாதுகாக்க நினைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? சோதனையில் சேர்க்கப்படாத தாய்மார், மருந்து கடைக்கு வந்த பிறகு தங்கள் வயிற்றிலேயே சோதனையைச் சுமந்தார்கள். உங்கள் வல்புரோயேற்றும் அப்படித்தான். 1967 இல் பிரான்சில் பாவனைக்கு வந்தது. முள்ளந்தண்டுக் குறைபாட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அதே நாட்டின் லியோன் நகரிலிருந்து வெளியானது 1982 இல். நனோ மருந்துகளுக்கும் அதே கதி நேரக் கூடாது. எலியிலிருந்து மனிதத் தாய்க்கு வரும் பாதையை மெதுவாகவும், ஆனால் தாய்மாரை ஒதுக்காமலும் போட வேண்டும். ஒதுக்குவதும் ஒரு வகைத் தீங்குதான் என்று நான் மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்கிறேன்.

மஞ்சள் போத்தலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடிக்க வேண்டாம். கறிக்குப் போடும் மஞ்சளில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அதன் சாரத்தை நனோவாக்கினால் உடல் உறிஞ்சும் அளவே மாறிவிடுகிறது. அப்படி உறிஞ்சப்படுவது கர்ப்பிணிக்கு என்ன செய்யும், வலிப்புக் குளிசையோடு எப்படிச் சேரும் என்று அந்தப் போத்தலை விற்பவர் சோதித்திருக்க மாட்டார். நம் நாட்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு பெறாத எதையும், அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும், இந்தக் காலத்தில் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். மச்சாள் கோபிக்க மாட்டாள். பிள்ளைக்கு உடுப்பு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? இப்போதே இருக்கும் நல்ல வழி, குளிசையை மாற்றுவது. லாமோட்ரிஜின், லெவெட்டிராசிற்றம் என்ற இரண்டு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு 100 க்கு 2 முதல் 3 வரைதான். எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்கும் ஏறத்தாழ அதே அளவுதான் இருக்கிறது. இந்த மாற்றம் கர்ப்பத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பிள்ளையின் முள்ளந்தண்டுக் குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியவரும், அதற்குப் பிறகு மாற்றினால் பிந்திவிடும்.

மாற்றுவதையும் நரம்பியல் நிபுணர்தான் செய்ய வேண்டும். வல்புரோயேற் உடலில் இருக்கும்போது லாமோட்ரிஜினின் அளவு இரட்டிப்பாக ஏறும். வேகமாகக் கூட்டினால் தோலில் ஆபத்தான கொப்புளங்கள் வரலாம். ஆகவே வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் மாற்றுவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கு உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். "நான் பிள்ளை பெற விரும்புகிறேன்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். சிலருக்கு வேறு எந்த மருந்திலும் வலிப்பு அடங்காது. நீங்கள் அப்படிப்பட்டவரா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்வார்.

மாற்றம் முடியும்வரை கருத்தடை கட்டாயம் தேவை. ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசை லாமோட்ரிஜினின் அளவைக் குறைத்துவிடும், எனவே எந்த முறை என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். போலிக் அமிலத்தை இப்போதே தொடங்க வேண்டும். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கு வழக்கத்தை விடக் கூடுதலான அளவு எழுதுவார்கள். உங்கள் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நம் வீட்டு வாசலுக்கே வரும் மிட்வைஃபிடம், விஷயத்தைச் சொல்லி வையுங்கள். புதுமணத் தம்பதியருக்கான கர்ப்பத்துக்கு முந்திய பரிசோதனையை அவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள். மூன்று வருடமாகிவிட்டதே என்று கூச்சப்படத் தேவையில்லை. கர்ப்பம் தங்கிய பிறகும் வேலை இருக்கிறது. லாமோட்ரிஜினின் அளவு கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். கூட்ட வேண்டியிருக்கும், பிரசவத்துக்குப் பிறகு குறைக்க வேண்டியிருக்கும். கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

குளிசை மாறும் அந்த மாதங்களில் வாவியிலோ குளத்திலோ கிணற்றடியிலோ தனியாகக் குளிக்க வேண்டாம். நிலத்து அடுப்பில் தனியே சமைக்கவும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் கணவரோடு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளிசையை ஏன் நிறுத்தக் கூடாது, ஏன் மாற்ற வேண்டும் என்பதை அவர் வைத்தியரின் வாயாலேயே கேட்கட்டும். பழைய கிளினிக் கொப்பியையும், இப்போது போடும் குளிசையின் வெற்று அட்டையையும் பையில் வைக்க மறக்காதீர்கள். வெள்ளனப் போனால் முதல் பாதையிலேயே கடந்துவிடலாம்.